வெள்ளி கொடுத்து வெள்ளி நீர் வாங்கிய கதை

சிங்கப்பூரில் டாலருக்கும் வெள்ளி என்றுதான் பெயர். அந்த வெள்ளியில் 372 வெள்ளி 40 காசு செலவழித்து, வெள்ளி கரைந்த தண்ணீரை வாங்கியும் நானே செய்தும் அம்மாவுக்குக் கொடுத்தேன். அந்த நீரை வீட்டிலேயே சோதித்தும் பார்த்தேன். ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. ரசீது இல்லாமல் ஒரு பஸ் கட்டணத்தைக்கூட ஏற்றுக்கொள்ளாதவள் என்று அலுவலகத்தில் பெயர். அப்படிப்பட்டவள் எப்படி இதில் விழுந்தேன் என்பதை யாரிடமும் சொல்லாமல் ஏழெட்டு மாதம் வைத்திருந்தேன். கணவர் கப்பலில் இருக்கிறார். அலைபேசியில் சொல்லி அவரைக் கலங்கடிக்க மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது, ஈசூனில் என்னோடு இருக்கிறார். தைராய்டு சுரப்பு குறைவு என்பதால் பல ஆண்டுகளாகத் தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு தீராத மூக்கடைப்பும் உண்டு. பொங்கலுக்கு வந்த சித்தி மகன் ஒரு சிறிய நீலப் புட்டியை மேசைமேல் வைத்தான். கூழ்ம வெள்ளி, அதாவது வெள்ளி நுண்துகள் மிதக்கும் நீர், 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு வெள்ளி), 250 மில்லி, விலை 68 வெள்ளி. "மருத்துவமனையில் தீக்காயத்துக்கே வெள்ளி மருந்துதான் பூசுகிறார்கள் அக்கா, இது கிருமிக்கு எமன்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. தீக்காயத்துக்கு வெள்ளி கலந்த களிம்பு இருக்கிறது, வெள்ளி கலந்த கட்டுத்துணியும் இருக்கிறது. தோலில் பூசுவதும் வயிற்றுக்குள் ஊற்றுவதும் ஒன்றா என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவுக்கோ கேள்வியே இல்லை. ஊரில் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டியவர். வெள்ளிச் சொம்பில் வைத்த தண்ணீர் கெடாது என்று நம்பி வளர்ந்தவர். மறுநாள் காலையிலிருந்து இரண்டு மூடி, அதாவது 30 மில்லி, மாத்திரையோடு சேர்த்தே இறங்கியது.

மூன்றாவது புட்டியைத் திறந்தபோது என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. அதுவும் தப்பான பக்கமாக விழித்தது. 'அம்மாவுக்கு இது தேவையா' என்று கேட்காமல், 'இதில் 68 வெள்ளிக்கு வெள்ளி இருக்கிறதா' என்று கேட்டேன். சமையலறை மேடை சோதனைக்கூடமானது.

முதலில் லேசர். கூட்டத்தில் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படும் சிவப்பு லேசர், 12 வெள்ளி. கூழ்மம் என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நீரில் மிதக்க வேண்டும். துகள் இருந்தால் ஒளி சிதறி, குடுவைக்குள் ஒரு சிவப்புக் கோடு தெரியும். இதை டிண்டால் விளைவு என்பார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாய்ச்சினேன். நீலப் புட்டி நீரில் கோடு இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்கு மங்கலாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் பாய்ச்சினேன், அதிலும் லேசான கோடு, தூசி காரணமாக இருக்கலாம். ஒரு சொட்டுப் பால் விட்ட தண்ணீரில் கோயில் சரவிளக்குப்போல் பளிச்சென்று தெரிந்தது. ஆக, லேசர் 'ஏதோ துகள் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும், அது வெள்ளியா பாலா என்று சொல்லாது. நீங்களும் பார்க்க ஆசைப்பட்டால், வெறும் காய்ச்சி வடித்த நீரையும் பக்கத்தில் ஒரு குடுவையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் பார்த்தால் கண் தான் விரும்பியதைப் பார்க்கும். தம்பியிடம் கோடு மங்கல் என்றேன். "துகள் அவ்வளவு நுண்ணியது அக்கா" என்று உடனே பதில் வந்தது. கோடு பளிச்சென்று தெரிந்திருந்தால் 'துகள் அவ்வளவு நிறைய அக்கா' என்றிருப்பான்.

அடுத்தது டிடிஎஸ் கருவி, நீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று பார்க்க விற்பது. பேனாபோல் இருக்கும், நீரில் முக்கினால் எண் காட்டும். 14 வெள்ளிக்கு வாங்கியது 17 என்றது. புட்டியில் 20, கருவியில் 17, நான் மகிழ்ந்துபோனேன். சந்தேகத்துக்கு இன்னொன்றை 23 வெள்ளிக்கு வாங்கினேன், அதே நீருக்கு அது 12 என்றது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. இந்தக் கருவி வெள்ளியை அளப்பதே இல்லை. நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு கருவியில் அந்த எண் 0.7, மற்றதில் 0.5. பதினேழை 0.7 ஆல் வகுத்து 0.5 ஆல் பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு வரும். உப்பு போட்டாலும் சுண்ணாம்பு போட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதைவிட வேடிக்கை, மின்சாரத்தைக் கடத்துவது அயனிகள், அதாவது நீரில் கரைந்து மின்னூட்டத்தோடு இருக்கும் அணுக்கள். கூழ்மத் துகள்களை இந்தக் கருவி கிட்டத்தட்டப் பார்க்கவே பார்க்காது. எந்தப் பொருளுக்காக 68 வெள்ளி கொடுத்தேனோ அந்தப் பொருளுக்குக் கருவி குருடு. பிபிஎம் என்று திரையில் எழுதியிருப்பதால் அது புட்டியில் எழுதிய பிபிஎம் ஆகிவிடாது.

இதற்குள் 'நாமே செய்தால் என்ன' என்ற பைத்தியம் பிடித்துவிட்டது. சிம் லிம் டவரில் 9 வோல்ட் பேட்டரி மூன்றும் முதலைவாய்க் கவ்விகளும் 18 வெள்ளி 50 காசுக்கு வாங்கி வரிசையாக மாட்டினேன், மொத்தம் 27 வோல்ட். வெள்ளிக்கு எங்கே போவது? பெட்டிக்குள் என் சிறுவயதுக் கொலுசு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத்தான் முதலில் கவ்வியில் மாட்டிக் குழாய்த் தண்ணீரில் தொங்கவிட்டேன். சில நிமிடத்தில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. இவ்வளவு வெள்ளியா என்று வாயைப் பிளந்தேன். ஒரு மணி நேரத்தில் அடியில் சாம்பலும் பச்சையும் கலந்த சகதி. நல்ல வேளை, அதை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. பால்போல் வெளுத்தது வெள்ளி குளோரைடு. குழாய்த் தண்ணீரில் இயல்பாக இருக்கும் குளோரைடோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளைத் தூள். பச்சை எதனால் என்று சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைப் பெரியவர் கொலுசைத் தேய்த்துப் பார்த்துச் சொன்னார்: "நகை வெள்ளியில் செம்பு இல்லாமல் இருக்குமா அம்மா? பழைய கொலுசில் ஒட்டவைத்த பற்றாசு வேறு." உயர்ந்த தர நகை வெள்ளி என்று விற்கும் 92.5 சதவீத வெள்ளியிலேயே மிச்ச 7.5 பெரும்பாலும் செம்புதான். கொலுசு, அரைஞாண், பழைய கரண்டி எதையும் யாரும் இப்படி நீரில் போட வேண்டாம்.

பிறகு 99.99 சதவீத வெள்ளிக் கம்பி இரண்டு, 52 வெள்ளி. காய்ச்சி வடித்த நீர் 9 வெள்ளிக்கு. இறைச்சி கோத்துச் சுடும் ஒரு சத்தே குச்சியைக் கண்ணாடிக் குவளையின் வாய்க்குக் குறுக்கே வைத்து இரண்டு கம்பிகளையும் அதில் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு கம்பியில் ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன, மற்றதில் கருமை படர்ந்தது, இரண்டுக்கும் நடுவே ஊதுவத்திப் புகைபோல ஒரு இழை மெல்ல இறங்கியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எவ்வளவு மின்சாரம் ஓடினால் எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்லும், உயர்நிலைப்பள்ளி இயற்பியலில் படித்த ஃபாரடே விதியைத் தேடிப் படித்து மின்னோட்டத்தையும் அளந்தேன். ஒரு மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். அது 250 மில்லி நீரில் என்றால் 16 பிபிஎம். இது மேல் எல்லை மட்டுமே, ஏனென்றால் கரைந்ததில் ஒரு பங்கு எதிர்க் கம்பியில் சாம்பல் பஞ்சாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் செய்த எல்லாச் சோதனையிலும் ஓரளவு நேர்மையானது இந்தக் கணக்குத்தான். அதுகூடப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தைக் குறித்தால்தான் உண்டு. நீரில் அயனி கூடக் கூட ஓட்டம் ஏறிக்கொண்டே போகும். கம்பியை எடைபோட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். என்னிடமிருந்த சிறிய தராசின் மிகச் சிறிய படி 10 மில்லிகிராம். கரைவது நான்கு.

உப்புச் சோதனையும் செய்தேன். நீலப் புட்டி நீரிலும் என் நீரிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் வெண்புகை பரவியது. அயனியாக வெள்ளி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, லேசர் கோடும் மங்கலாக இருந்ததால் கூழ்மம் என்று விற்றது பெரும்பாலும் கூழ்மமே இல்லை என்பதற்கும் சாட்சி. ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் வேறொரு புட்டி 39 வெள்ளி 90 காசுக்கு வாங்கியிருந்தேன். அது தேன் நிறம். லேசர் கோடு பளிச், டிடிஎஸ் 3, உப்பு போட்டால் அசையவே இல்லை. ஆகா, இதுதான் அசல் என்று நினைத்துக் குலுக்கினேன். சோப்பு நீர்போல் நுரைத்து, நுரை நெடுநேரம் அடங்கவில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் புரதம் சேர்க்கும் வகை இருக்கிறது. ஜெலட்டினும் அதற்குப் பயன்படும். ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே என்னைத் தலைமுழுகியிருப்பார், வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடத் தொடாதவர். அந்தப் புட்டியை அவர் கண்ணிலேயே காட்டவில்லை.

கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க இரண்டு டம்ளர் பாலை மேடைமேல் வைத்து ஒன்றில் என் வெள்ளி நீரை விட்டேன். நம் ஊர் வெக்கையில் மறுநாள் காலை இரண்டும் ஒன்றாகத் திரிந்திருந்தன. பாலிலேயே குளோரைடும் புரதமும் ஏராளம், வெள்ளி அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும் என்று பிறகு படித்தேன். நம் வயிற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது அதே குளோரைடு, இருக்கிறதே என்று அங்கேயே என் மூளை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 'வெள்ளி இருக்கிறது' என்று இத்தனை சோதனைகள் சொல்லிவிட்டன என்ற மிதப்பில், மூன்றாவது புட்டி முடிந்ததும் என் கையால் செய்ததையே அம்மாவுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். காசு மிச்சம் என்று பெருமை வேறு.

உப்பு போட்ட ஒரு குவளையைக் கழுவாமல் சன்னலோரம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலை வந்து பார்த்தால், அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது ஊதா கலந்த சாம்பலாக மாறியிருந்தது. வெயில் பட்ட பக்கம் கருமை அதிகம், சுவர்ப் பக்கம் குறைவு. பழைய புகைப்படச் சுருளில் வேலை செய்ததும் இதுபோல ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்புகள்தான். அன்றிரவுதான் முதன்முறையாக, வெள்ளி உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று தேடினேன். ஆர்ஜிரியா என்று ஒரு நிலை இருக்கிறது; தோலில் வெள்ளி படிந்து நீலச் சாம்பலாக மாறும், வெயில் படும் முகத்திலும் கையிலும் கூடுதலாகத் தெரியும், பொதுவாக மாறவே மாறாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2002ல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் முடங்கி மருந்து கிடைக்காமல் போகும் என்று பயந்து வீட்டிலேயே இந்த நீரைச் செய்து குடித்து நீலமாகிப்போனவர். என்னைப்போலவே கம்பியும் மின்சாரமும் வைத்துச் செய்தவர்! விளக்கைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் நகக்கண்களைப் பார்த்தேன். மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அப்போதாவது நிறுத்தினேனா? இரண்டு மூடியை ஒரு மூடியாகக் குறைத்தேன். முழுதாக நிறுத்தினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே.

ஏப்ரலில் பலதுறை மருந்தகத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனை. தைராக்சின் போதாவிட்டால் ஏறும், மிஞ்சினால் இறங்கும் டிஎஸ்எச் என்ற அளவு எப்போதும் 2 சொச்சத்தில் நிற்கும், இந்த முறை 11.4 என்று வந்தது. ஏறத்தாழ நான்குக்குள் இருக்க வேண்டியது. அம்மா சில வாரமாகவே சோர்ந்து உட்கார்ந்திருந்தார், வயதின் அலுப்பு என்று நினைத்திருந்தேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்டார். அம்மா இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது தண்ணீர். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. மாத்திரை 75 மைக்ரோகிராமிலிருந்து நூறானது. ஜூனில் மறுபடி பார்த்தால் 9.8. அன்று மருந்து கொடுக்கும் முகப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். "இந்த மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். மருத்துவர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். "வெள்ளித் தண்ணியோடு" என்று அம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திட்டவில்லை. கூழ்ம வெள்ளி தைராக்சினை உடல் உறிஞ்சவிடாமல் செய்யலாம், சில நோய்க்கிருமிக்கொல்லி மாத்திரைகளையும் அப்படித்தான் என்று சொல்லி, எங்களை மறுபடி மருத்துவர் அறைக்கே அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 1 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 20 பிபிஎம் நீரில் 30 மில்லி என்றால் 600 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாழ்நாள் முழுவதும் உட்கொண்டாலும் ஆர்ஜிரியா வராது என்று வகுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். அம்மா 52 கிலோ, ஆக 260. இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறேன். நான் செய்த நீர் 16 பிபிஎம் என்றால், ஒரு மூடியாகக் குறைத்தபோதும் 240, விளிம்பிலேயே நின்றிருக்கிறேன். இதற்கு லேசரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். புட்டியில் இருந்த இரண்டு எண்ணும் அம்மாவின் எடையும் போதும், இரண்டு நிமிட வேலை. நோய்க்கு மருந்தாக விற்கப்படும் கூழ்ம வெள்ளி பாதுகாப்பானது, பலன் தருவது என்று ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999லேயே சொல்லிவிட்டது என்பதையும் அன்றுதான் படித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பயத்தில் வெள்ளி நீரை மருத்துவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். வெள்ளி நீரால் மாத்திரை பாதி வீணாகிறது என்று தெரியாமல்தான் மருத்துவர் அளவைக் கூட்டியிருந்தார். நீரை நிறுத்தியதும் முழு மாத்திரையும் உடலில் ஏறியது. எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 0.3க்கு இறங்கி, அம்மாவுக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தன. நாங்கள் விஷயத்தைச் சொல்லியிருந்ததால் உடனே பிடித்து மறுபடி 75க்குக் கொண்டுவந்தார்கள். இப்போது 2.4. மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முன்பு. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பட்டியல் மட்டும் போதாது, வாயில் போவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகிறேன், கஷாயப் பொடி உட்பட. நான்கு முறை அரைநாள் விடுப்பு எடுத்ததை அந்த 372 வெள்ளியில் சேர்க்கவில்லை.

தம்பியிடம் சொன்னேன். "அரசாங்கம் அனுமதிக்காமலா விற்பார்கள் அக்கா?" என்றான். இதை நானும் நம்பியிருந்தேன். சிங்கப்பூரில் உடல்நலத் துணைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. பாதுகாப்பும் தரமும் விற்பவரின் பொறுப்பு. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கத்தான் கூடாது. அதனால்தான் புட்டியில் நோயைப் பற்றி ஒன்றும் எழுதாமல், எல்லாவற்றையும் வாயால் சொல்கிறார்கள். அவன் இன்னும் விற்கிறான் என்று நினைக்கிறேன். சித்தி வீட்டு விசேஷங்களில் நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

கம்பிகள் மட்டும் மிச்சம். போன மாதம் கருமையைத் துடைத்து அதே நகைக்கடைப் பெரியவரிடம் எடுத்துப் போனேன், எனக்கு மெட்டி செய்துகொள்ளலாம் என்று. நிறுத்தார், 9.6 கிராம். உரசிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இவ்வளவு சுத்தமாக இருந்தால் வளைந்துவிடும் அம்மா. கொஞ்சம் செம்பு சேர்க்கட்டுமா?"

சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.